கழற்றக் கூடாத கம்பி

திருவொற்றியூர்
11 ஜனவரி 2025

லுப்னா மேடத்துக்கு,

உங்கள் நம்பரை பிளாக் செய்தது நான்தான். போன் கெட்டுப்போகவில்லை, சிக்னலும் நன்றாகவே இருக்கிறது. வேறு வேறு நம்பரிலிருந்து கூப்பிடுவதை நிறுத்துங்கள். உங்கள் குரலைக் கேட்டால் என் வாயில் என்ன வருமென்று எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரி வார்டில் நின்றுகொண்டு அதையெல்லாம் பேச முடியாது. சொல்ல ஏதாவது இருந்தால் காகிதத்தில் எழுதுங்கள்.

தூத்துக்குடி விலாசத்தை உங்கள் அத்தாதான் கொடுத்தார். தண்டையார்பேட்டையில் என் ஷேர் ஆட்டோவில் ஏறினார். "முருகன் தம்பி எப்டிம்மா கீது?" என்று கேட்டவர் நான் பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கையிலும் கட்டு. இடது காது போய்விட்டது, வலது காதில் கொஞ்சம் மிச்சம் என்று டாக்டர் சொல்கிறார். காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினால் பாதி கேட்கிறது. மற்றதெல்லாம் எழுதித்தான் காட்டுகிறேன்.

எண்ணூர் டேங்க் கம்பெனியிலிருந்து நேற்று ஒரு கடிதம் வந்தது. ஓடிக்கொண்டிருந்த பேனலில் அம்மீட்டரை மாற்றும்போது, செய்ய வேண்டிய பாதுகாப்பைச் செய்யாமல் கம்பியைக் கழற்றியதால் வெடித்தது. இது திருமுருகனின் சொந்தக் கவனக்குறைவு என்று போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் மின் ஆய்வாளர் விசாரிக்க வருவாராம். அவரும் அப்படியே சொல்லிவிட்டால் லைசென்ஸ் போய்விடும். பாமாயில் கப்பலும் பம்பும் பேனலும் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷன்.

அந்தக் கடிதத்தோடு உங்கள் வாக்குமூலமும் இருந்தது. "திருமுருகன் லிங்கை மூடியதை நான் பார்க்கவில்லை." கீழே உங்கள் கையெழுத்து.

அன்றைக்கு அம்மீட்டரை மாற்றச் சொன்னது நீங்கள். வாசலில் நின்றது நீங்கள். அவர் உள்ளே வெந்துபோனார், நீங்கள் வெளியே நின்று 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தீர்கள்.

நேற்று அவர் கேட்டார்: "லுப்னா இன்னா சொல்லிச்சு?" நான் காகிதத்தில் எழுதினேன்: 'நல்லபடியா சொல்லியிருக்கு.' அவர் அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் சொன்னார்: "நா லிங்க மூடுனேன்னுதான் நெனச்சுகினு கீறேன். மூடிகினா இன்னாத்துக்கு வெடிக்கப் போவுது? அப்போ நா மூடல போலக்குது."

தன்னைத் தானே குற்றவாளியாக்கிக்கொண்டிருக்கிறார். இதற்கு என்ன சொல்கிறீர்கள், மேடம்?

மோகனப்ரியா


தூத்துக்குடி
17 ஜனவரி 2025

மோகனப்ரியா அக்காவுக்கு,

என்னை மேடம் என்று கூப்பிடும் அளவுக்கு ஆகிவிட்டது. சரி.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அன்று அம்மீட்டர் தவறாகக் காட்டியது. பேனலை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும் என்று நானும் முருகன் அண்ணனும் கேட்டோம். கப்பல் வந்து நிற்கிறது, பம்பை நிறுத்த முடியாது என்று மேனேஜர் தாமோதரன் சார் சொல்லிவிட்டார். முறையாகச் செய்தால் ஓடும்போதும் மாற்றலாம். அண்ணன் எத்தனையோ முறை செய்தது. கன்ட்ரோல் ரூமிலிருந்து வாக்கிடாக்கியில் கூப்பிட்டார்கள், நான் வாசல் பக்கம் திரும்பினேன். சத்தம் வந்தபோது என் முதுகுதான் பேனலைப் பார்த்திருந்தது. அண்ணனை வெளியே இழுத்துப் போட்டது நான். அது எந்தக் காகிதத்திலும் இல்லை.

தாமோதரன் சார் கேட்டார்: "லிங்க் மூடுனத நீ பாத்தியாம்மா?" பார்க்கவில்லை என்றேன். அது உண்மை. அந்த ஒரு வரியை மட்டும் டைப் செய்து நீட்டினார்கள். கையெழுத்துப் போட்ட மறு வாரமே, அங்கே பேனல்களைச் சோதிக்க என்னை வைத்திருந்த எங்கள் டெஸ்டிங் கம்பெனி என்னை இங்கே அனுப்பிவிட்டது.

அந்த லிங்க் ஏன் அவ்வளவு முக்கியம் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அளக்கிற டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு வகை. ஒன்று வோல்டேஜை அளப்பது, பி.டி. என்போம். அது எப்போதும் ஒரே வோல்டேஜைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் இரண்டு முனைகளையும் சும்மா விட்டால் ஒன்றும் ஆகாது. ஒன்றோடு ஒன்று தொட்டால்தான் கரண்ட் வெள்ளமாகப் பாய்ந்து எரியும்.

இன்னொன்று கரண்டை அளப்பது, சி.டி. இது நேர் எதிர். பெரிய லைனே அதற்குள் ஓடுகிறது. பம்பு எவ்வளவு கரண்ட் இழுக்கிறதோ, அதில் ஒரு சிறு பங்கை அது வெளியே தள்ளியே ஆக வேண்டும். நிறுத்துவது அதன் கையில் இல்லை. முனைகளை இணைத்து வைத்தால் சாதுவாக இருக்கும். இணைப்பை அறுத்தால் அப்போதும் தள்ளத்தான் பார்க்கும். போக வழி இல்லாததால் உள்ளே இருக்கும் இரும்பு முழுவதும் காந்தமேறி, வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் ஏறி, எங்கேயாவது உடைத்துக்கொண்டு வரும். சாதாரண ஒயரில் கழற்றினால் பாதுகாப்பு. சி.டி.யில் கழற்றினால் ஆபத்து. அதனால்தான் அம்மீட்டரைக் கழற்றும் முன் அந்த இரண்டு முனைகளையும் ஒரு லிங்கால் இணைத்து மூடிவிட வேண்டும், மூன்று லைனுக்கும் மூன்று லிங்க்.

லிங்க் மூடியிருந்தால் வெடித்திருக்காது, அக்கா. வெடித்தது. அண்ணனைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. அவசரத்தில் யாருக்கும் கை தவறலாம். ஆனால் எந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாலும் எனக்குக் கணக்கு அப்படித்தான் வருகிறது. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணனை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

லுப்னா


திருவொற்றியூர்
23 ஜனவரி 2025

லுப்னா மேடம்,

பாடம் நன்றாக எடுக்கிறீர்கள். நான் எட்டாவதோடு நிறுத்தியவள், ஆனாலும் புரிந்தது. எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசையைத் தினமும் பார்க்கிறேன். ஹார்பர் கேட்டை மூடிவிட்டார்கள் என்பதற்காகப் பின்னால் வருகிற லாரி நிற்பதில்லை. முட்டிக்கொண்டு நிற்கும், கடைசியில் யாராவது நசுங்குவார்கள். அவ்வளவுதானே? அதற்கு இத்தனை வரி எதற்கு?

வெளியே இழுத்துப் போட்டதற்கு நன்றி. அது எனக்குத் தெரியாது. ஆனால் இழுத்துப் போட்ட கையாலேயே கையெழுத்தும் போட்டீர்களே.

உங்கள் கணக்கை நான் அவரிடம் காட்டவில்லை. காட்டினால் நம்பிவிடுவார். அந்தப் பயத்தில் கடிதத்தை ஆட்டோ சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இரவில் கையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார். லிங்கை நகர்த்துவது போலக் கட்டுப்போட்ட கையைக் காற்றில் நகர்த்துகிறார். பக்கத்துப் படுக்கைக்காரர் என்னிடம், "இன்னாம்மா, ஒன் வூட்டுக்காரு பரதம் ஆடிகினு கீறாரு" என்கிறார். சிரித்துவைத்தேன்.

தாமோதரன் சார்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார், தெரியுமா? ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து, கண் கலங்கிப் பேசினார். "நா எவ்வளவோ பாத்துப் பாத்து செஞ்சேம்மா. போன மழையில அந்தப் பேனல்ல தண்ணி எறங்கி ஏதோ ஒயரு ஷார்ட்டாயி எரிஞ்சுதே, அதுக்கப்பறம் வெளிய கான்ட்ராக்ட் ஆள வெச்சு ஞாயித்துக்கிழம உக்காந்து எல்லாத்துக்கும் ஃபியூஸ் போட வெச்சேன். எல்லாத்துக்கும். ஒரு ஒயரு விடல. அப்டியும் இவரு இப்டிப் பண்ணிட்டாரே" என்றார்.

மேனேஜர் அவர். எங்கள் மேல் பழி போடுகிறார்தான். ஆனாலும் வந்து உட்கார்ந்தார். நீங்கள் தூத்துக்குடியில் உட்கார்ந்து காந்தத்தைப் பற்றி எழுதுகிறீர்கள்.

வெடித்த பேனலையும் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்களாம். புதிது வந்துவிட்டதாம். எங்களுக்குத்தான் புதுக் கை வரவில்லை.

மோகனப்ரியா


தூத்துக்குடி
27 ஜனவரி 2025

அக்கா,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. நின்றபடியே எழுதுகிறேன், கூரியர் கடை மூடுவதற்குள் போக வேண்டும்.

'எல்லாத்துக்கும்' என்று அவர் சொன்னாரா? அதே வார்த்தையா? தயவுசெய்து யோசித்துச் சொல்லுங்கள்.

மழையில் எரிந்தது பி.டி. ஒயர். அதற்கு ஃபியூஸ் போடுவது சரி, போட வேண்டும். ஷார்ட்டானால் ஃபியூஸ் உருகி அறுந்து காப்பாற்றும். ஆனால் சி.டி. ஒயருக்கு ஃபியூஸ் போடவே கூடாது. எக்காரணத்துக்கும் கூடாது. அங்கே ஃபியூஸ் உருகினால் வழி அறுந்துவிடும். அறுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே லாரியை வைத்துச் சொல்லிவிட்டீர்கள்.

பேனலுக்குப் பின் அறையில் சி.டி. இருக்கும். அங்கிருந்து ஒயர் முன்பக்கம் வந்து, லிங்க் வழியாக அம்மீட்டருக்குப் போகும். யாராவது பின் அறையிலேயே, லிங்குக்கு முன்னால், ஃபியூஸ் போட்டிருந்தால்? அண்ணன் லிங்கை ஒழுங்காக மூடியிருக்கலாம். ஒரு பம்பு ஓடியவரை ஃபியூஸ் தாங்கியிருக்கும். அன்று கப்பலுக்காக இரண்டாவது பம்பை ஸ்டார்ட் செய்தார்கள். என்னை வாக்கிடாக்கியில் கூப்பிட்டதே அதைச் சொல்லத்தான். கரண்ட் ஏறியது, பின்னால் ஃபியூஸ் போனது, முன்னால் மூடியிருந்த லிங்கால் ஒரு பயனும் இல்லை. அண்ணனுக்கு அது தெரிய வழியே இல்லை.

என் கணக்கில் இது இல்லை. இப்படி ஒரு ஃபியூஸை ஒருவர் போடுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பேனல் எங்கே போனது என்று கண்டுபிடியுங்கள். மீட்டர் இருக்கும் கதவைத் திறந்தால் உள்ளே வரிசையாகச் சின்னப் பித்தளைத் தகடுகள் இருக்கும், அவைதான் லிங்க். எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். பின் அறையில், சி.டி. என்கிற கருகிய பெரிய கட்டிக்குப் பக்கத்தில், கறுப்பாகவோ வெள்ளையாகவோ விரல் நீளத்தில் ஃபியூஸ் டப்பாக்கள் இருக்கின்றனவா பாருங்கள். எதையும் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். போட்டோ எடுத்துப் பிரின்ட் போட்டு அனுப்புங்கள். என் போன் கம்பெனி கொடுத்தது, அதில் எதுவும் வேண்டாம்.

லுப்னா


திருவொற்றியூர்
4 பிப்ரவரி 2025

லுப்னா,

கண்டுபிடித்துவிட்டேன்.

லாரி டிரைவர் ஒருத்தர் என் வண்டியில் டீ குடிக்கப் போகிறவர். அவரைப் பிடித்தேன். பேனல் மூலக்கொத்தளத்தில் ஒரு பழைய இரும்பு கோடவுனில் கிடக்கிறது. சுடுகாட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். ஓனர் பெயர் ஜுபைர். தாடி வைத்த இளவயசு ஆள். என்னைப் பார்த்ததும் சவாரி என்று நினைத்தார்.

"ஒரு பேனலப் பாக்கணும் பாய். எண்ணூர்லேர்ந்து வந்துச்சே, கருகிப்போனது."

"அத்த இன்னாத்துக்கும்மா பாக்கப் போற? வாங்கறதுக்கா?"

"அதுக்கு முன்னாடி நின்னவரு என் வூட்டுக்காரு."

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு முன்னால் நடந்தார். தகரங்களைத் தள்ளி வழி செய்து கொடுத்தார். "இத்த அடுத்த வாரம் வெட்டணும், செம்பு தனியா பிரிச்சுக் குடுன்னு சொல்லிகீறாங்கோ" என்றார்.

லுப்னா, அந்தக் கதவு வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருக்கிறது. அவர் முகம் அதற்கு எதிரே இருந்திருக்கும் என்று நினைத்ததும் தகரக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜுபைர் பாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்புறம் எழுந்து பார்த்தேன். நீ சொன்ன பித்தளைத் தகடு வரிசை இருந்தது. எல்லாம் திறந்திருக்க, மூன்று மட்டும் ஒரே பக்கமாகத் தள்ளி, இறுக்கி மூடியிருந்தன. அம்மீட்டர் ஒயர் அங்கேதான் தொங்குகிறது. மூடியிருக்கிறார், லுப்னா. நான் தொடவில்லை. விரலைப் பக்கத்தில் கொண்டுபோனேன், தொடவில்லை.

பின் அறையில் கரி. அந்தக் கட்டி பிளந்து கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் இரும்புப் பட்டையில் கறுப்பு டப்பா மூன்று. புதுசு, அதன் மேல் மட்டும் கம்பெனி ஸ்டிக்கர் இன்னும் பாதி ஒட்டியிருக்கிறது.

போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். ஜுபைர் பாயிடம் கெஞ்சினேன், ஆய்வாளர் வருகிறவரை வெட்டாதே என்று. "என்னால எவ்வளோ நாளு புடிச்சு வெக்க முடியும்னு தெர்லம்மா" என்றார். ஆய்வாளர் 20ஆம் தேதி வருகிறார்.

நீ வர வேண்டும். அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இது நடக்காமல் போனால் அவர் எழுந்திருக்க மாட்டார்.

மோகனப்ரியா


தூத்துக்குடி
9 பிப்ரவரி 2025

அக்கா,

போட்டோக்களைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அவை சி.டி. ஒயரில் போட்ட ஃபியூஸ்தான். அண்ணன் செய்தது அத்தனையும் சரி. முதல் கடிதத்தில் நான் எழுதியதை நீங்கள் கிழித்துப்போடுங்கள்.

சந்தோஷத்தில் அழுதேன். அழுது முடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அந்த ஃபியூஸ்களைப் போட்ட பிறகு அந்தப் பேனலுக்கு வருடாந்தர டெஸ்ட் நடந்திருக்கிறது. எங்கள் கம்பெனிதான் செய்தது. எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டது என் ஓனர் இக்னேஷியஸ் சார். பின் அறையைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஷட்டவுன் கிடைக்கவில்லை என்று திறக்காமலே எழுதியிருக்கிறார்.

அவரிடம் போனில் கேட்டேன். "நீ போய் நின்னா அது நம்மளையும் சேர்த்து இழுக்கும் லுப்னா. பதினோரு பேரு வேலை இது. யோசிச்சு செய்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

உங்களுக்குத் தெரியாது அக்கா. படித்து முடித்து நான் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. சப்ஸ்டேஷனுக்குப் பொண்ணு எதற்கு, அதுவும் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஹெல்மெட் எப்படிப் போடுவாய் என்றார்கள். இவர் ஒருத்தர்தான் கேள்வியே கேட்காமல் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார்.

போட்டோக்களை நீங்களே ஆய்வாளரிடம் கொடுங்கள். பார்த்ததும் அவருக்குப் புரியும். நான் வர வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன். வர முடியாது என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை.

லுப்னா


திருவொற்றியூர்
13 பிப்ரவரி 2025

லுப்னா,

உன் கடிதத்தை ஆட்டோ ஸ்டாண்டில் படித்தேன். பதில் எழுதப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோதே ஜுபைர் பாயிடமிருந்து போன். "லாரி வந்துகீது, சீக்கிரம் வா."

சவாரியை அப்படியே இறக்கிவிட்டுப் போனேன். இரண்டு ஆட்கள் பேனலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோய் உருக்கப் போகிறார்களாம், அவசரமாம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆட்டோவைக் கோடவுன் வாசலில் குறுக்கே நிறுத்தி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"வண்டிய எடும்மா."

"எடுக்க மாட்டேன்."

"இன்னா பேஜாரு பண்ற? யாரு நீ?"

"போலீசக் கூப்புடு. வரட்டும். அவங்களாண்ட சொல்றேன் நா யாருன்னு."

அவர்கள் போலீசைக் கூப்பிடவில்லை, பார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜுபைர் பாய் உள்ளேயிருந்து, கிரேன் ரிப்பேர், நாளைக்கு வாங்க என்று அவர்களிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதி வைத்திருந்த மனுவையும் போட்டோவையும் ஸ்டாண்டு டிரைவர் ஒருத்தரிடம் கொடுத்தனுப்பினேன். வெயில் தலைக்கு ஏறுகிறவரை வாசலை விட்டு நகரவில்லை. மத்தியானம் அங்கிருந்து ஒருத்தர் வந்து, கதவை நூல் சுற்றி அரக்கு சீல் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

சீல் வைத்தவர் நல்ல மாதிரி. போகும்போது சொன்னார்: "போட்டோ மட்டும் போதாதும்மா. இந்த லிங்க அப்பறமா யாரோ மூடிட்டாங்கன்னு சொல்வாங்க. வெவரம் தெரிஞ்சவங்க, அன்னிக்கு அங்க இருந்தவங்க யாராவது வந்து நிக்கணும்."

அப்படி இருந்தது நீ ஒருத்திதான்.

இக்னேஷியஸ் சார் உனக்குச் செய்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பதினோரு பேர் வேலை என்றாரே, என் வீட்டுக்காரர் பெயர் அந்தப் பதினோரு பேரில் இல்லை. அதனால் எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை. வா என்று இனி எழுத மாட்டேன். பதிலும் வேண்டாம்.

மோகனப்ரியா


தண்டையார்பேட்டை
24 பிப்ரவரி 2025

அக்கா,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் நேரில் வந்தேன்.

20ஆம் தேதி ஆய்வாளர் விசாரிக்க வந்த அன்று கோடவுனில் உங்களோடு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டேன். பேசியிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன். ஆய்வாளரிடம் சொல்ல வேண்டியது அத்தனையும் மறந்துபோயிருக்கும்.

நீங்கள் வாசலில் நின்றதால் உள்ளே நடந்தது முழுதாகக் கேட்டிருக்காது. சீல் வைத்தவர் சொன்னபடியே தாமோதரன் சார் ஆரம்பித்தார். வெடித்த பிறகு யாரோ லிங்கைத் தள்ளியிருக்கிறார்கள் என்றார். உங்களைப் பார்த்து விரலை நீட்டினார். நான் ஆய்வாளரிடம், "சார், அந்த லிங்க இப்போ நீங்களே கழட்டிப் பாருங்க" என்றேன். அவர் கையுறை போட்டுக்கொண்டு திருகைத் தளர்த்தி ஒரு தகட்டை மெதுவாக நகர்த்தினார். சுற்றிலும் ஒரே கரி. தகடு மூடியிருந்த இடம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக மின்னியது. வெடித்தபோது திறந்திருந்தால் அங்கேயும் கரி படிந்திருக்கும். அடுத்ததை நகர்த்தினார். அதுவும் அப்படியே. மூன்றும்.

பிறகு பின் அறைக்கு வந்தோம். ஃபியூஸை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கம்பி உருகிப் போயிருந்தது. "சி.டி. சர்க்யூட்ல இத யார் போடச் சொன்னது?" என்று கேட்டார். தாமோதரன் சார், "பாதுகாப்புக்காகத்தான் சார்" என்றார். பொய்யில்லை. அவர் அப்படித்தான் நம்பியிருந்தார். அதற்குப் பிறகுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டார். தெரிந்த பிறகு லாரி அனுப்பினாரா, தெரியாமல் அனுப்பினாரா என்பது எனக்குத் தெரியாது. அதை ஆய்வாளர் கேட்டுக்கொள்ளட்டும்.

டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்டபோது, அங்கே வந்திருந்த இக்னேஷியஸ் சார் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், பின் அறையைத் திறக்கவில்லை என்று. அவர் மறுக்கவில்லை. வெளியே வந்ததும் என் ஐடி கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "ஹெல்மெட்ட நீயே வச்சுக்கோ" என்றார். காரில் ஏறிவிட்டார்.

இப்போது அத்தா வீட்டில்தான் இருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு ரயிலில் வந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. வரத்தான் தைரியம் இல்லை. அண்ணன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தவள் நான்தானே.

முடிவு வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

லுப்னா


திருவொற்றியூர்
12 மார்ச் 2025

லுப்னா,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும், போனில் சொல்ல எனக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை நோன்பு திறக்க நம் வீட்டுக்கு வா, அத்தாவையும் கூட்டிக்கொண்டு. என்ன சொல்வது என்று யோசிக்காதே. நீ என்ன சொன்னாலும் அவருக்குப் பாதிதான் கேட்கும். உன் வேலை போனது அவருக்குத் தெரியும், நான்தான் எழுதிக் காட்டினேன். ராயபுரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். நீ வந்தால்தான் வாயை மூடுவார்.

நேற்று முடிவைச் சொல்ல எங்களை ஆய்வாளர் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு அவர் வெளியே கிளம்பியது அதுதான் முதல் தடவை. கைத் தோல் இன்னும் சிவப்பாக இருக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டார். ஆட்டோவில் பின்னால் உட்கார மாட்டேன் என்று என் பக்கத்திலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார்.

அந்த அறையில் நிறையப் பேர். டேங்க் கம்பெனி ஆட்கள், வக்கீல், தாமோதரன் சார், இக்னேஷியஸ் சார். தாமோதரன் சார் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார், ஏதோ சொல்ல வாயெடுத்து உட்கார்ந்துவிட்டார். ஆய்வாளர் காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தார். அவர் குரலே மெல்லிசு. என் வீட்டுக்காரர் கண்ணைச் சுருக்கி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், ஒரு எழுத்துகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் முகத்தை மாற்றாமல், தூக்குத் தண்டனை கேட்கிறவர் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்.

லிங்க் மூன்றும் முறைப்படி மூடப்பட்டிருந்தன என்று படித்தார். சி.டி. பாதையில் ஃபியூஸ் வைத்ததே விபத்துக்குக் காரணம் என்று படித்தார். பணியாளர் திருமுருகனிடம் எந்தத் தவறும் இல்லை என்று படித்தார். காகிதத்தை மடித்து வைத்தார். எல்லோரும் எழுந்திருக்கப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "இன்னா சொன்னாரு?" என்றார்.

எழுதிக் காட்டப் பையில் காகிதம் தேடினேன். கிடைக்கவில்லை. அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் வலது காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன்:

"நீ மூடிதான் கீற! மூணையும் மூடிகீற! உன் மேல தப்பு இல்லையாம்!"

வக்கீல் ஃபைலைக் கீழே போட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் புருவத்தைச் சுருக்கி, "இன்னாது?" என்றார்.

மறுபடியும் கத்தினேன். இந்தத் தடவை கேட்டது. எனக்குத் தெரிந்தது, கண்ணில் கேட்டது. கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். அப்புறம் சுற்றிலும் பார்த்தார், எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வெட்கப்பட்டுப்போய் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"மெதுவா சொல்லும்மே, ஆபீசு இது" என்றார்.

நான் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

மோகனப்ரியா